பத்து நாளில் 120 கிராம்

குறைமாதக் குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவர்களிடம் பெற்றோர் தினமும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு எடை ஏறியிருக்குதுங்களா சிஸ்டர்?" என்பதுதான். ஏறியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு உள்ளே இறங்கும். குறைந்திருந்தால் வராண்டாவிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பதற்கான பதில் அந்த எண்ணில் இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். அது சரிதான். ஆனால் குழந்தையின் கண் என்னவாகப் போகிறது என்பதற்கான குறிப்பும் அதே எண்ணில் இருக்கிறது என்பது நிறைய பேருக்குத் தெரியாது. இன்னும் சொன்னால், எங்கள் துறையிலேயே பலர் அதை அந்தக் கண்ணோடு பார்ப்பதில்லை.

நான் கொங்குப் பக்கம் ஒரு அரசு மருத்துவமனையில், எஸ்.என்.சி.யூ. என்று நாங்கள் சொல்லும் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். எடை போடுவது, பாலாடையில் பால் புகட்டுவது, ஆக்சிஜன் அளவைப் பார்ப்பது, அம்மாக்களைக் கங்காரு முறையில் நெஞ்சோடு குழந்தையை அணைக்க வைப்பது எல்லாம் என் வேலை. கண் டாக்டர் வரும் நாளில் குழந்தைகளைத் தயார் செய்து கொடுப்பதும் என் வேலை. ஆர்.ஓ.பி. என்கிற குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயை அந்த மேஜைக்குப் பக்கத்தில் நின்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

நோய் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் எடைக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்பது பிடிபடும்.

விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கருவின் 16வது வாரம் வாக்கில்தான் வளரத் தொடங்குகின்றன. பார்வை நரம்பு நுழையும் இடத்திலிருந்து கிளம்பி, பந்தலில் அவரைக்கொடி படர்வது போல நாலாபக்கமும் ஓரத்தை நோக்கிப் போகும். மூக்குப் பக்க ஓரத்தை 36வது வாரம் வாக்கில் தொட்டுவிடும். காதுப் பக்க ஓரத்துக்குப் போய்ச் சேர ஏறத்தாழ 40 வாரம் ஆகும். குழந்தை 28 வாரத்திலோ 30 வாரத்திலோ பிறந்துவிட்டால், விழித்திரையின் வெளிப்பகுதிக்கு இன்னும் ரத்தக் குழாயே போயிருக்காது. வயிற்றுக்குள் கிடைத்ததைவிட வெளியே ஆக்சிஜன் அதிகம். அதோடு நாம் வேறு ஆக்சிஜன் கொடுக்கிறோம். "இங்கே குழாய் வேண்டும், வளர்ந்து வா" என்று கூப்பிடும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதம் அதனால் அடங்கிவிடுகிறது. வளர்ச்சி அப்படியே நின்றுபோகிறது. இது முதல் கட்டம். வெளியே எதுவும் தெரியாது.

சில வாரங்கள் கழித்து விழித்திரையின் செல்கள் வளர்ந்து ஆக்சிஜன் கேட்க ஆரம்பிக்கும். அங்கே குழாய் இல்லை. இப்போது அதே வி.இ.ஜி.எஃப். அளவுக்கு மீறிச் சுரந்து, தாறுமாறாகப் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை கசியும், தழும்பாகும், விழித்திரையைப் பிடித்து இழுக்கும். கடைசியில் விழித்திரை கழன்றே போய்விடும். ஐந்து நிலைகளில் ஐந்தாவது அது. அதற்கப்புறம் அறுவை சிகிச்சை செய்தாலும் திரும்பக் கிடைக்கும் பார்வை மிகக் குறைவு.

இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் உள்ள அந்தச் சில வாரங்கள்தான் நம் கையில் இருக்கும் அவகாசம். ஆர்.ஓ.பி. வருமா என்று முன்கூட்டிக் கணிக்கும் முயற்சி எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கிறது.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர் ஆன் ஹெல்ஸ்ட்ரோமும் அவருடைய குழுவினரும் இதில் பெரிய வேலை செய்திருக்கிறார்கள். ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணி போதுமான அளவு இல்லாவிட்டால், வி.இ.ஜி.எஃப். இருந்தும் ரத்தக் குழாய் சரியாக வளராது என்று அவர்கள் காட்டினார்கள். வயிற்றில் இருக்கும்போது கடைசி மாதங்களில் இந்த ஐ.ஜி.எஃப்-1 ஏறிக்கொண்டே போகும். முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அது சட்டென்று விழுந்துவிடுகிறது. பால் செரித்து, தொற்று இல்லாமல், உடம்பு தேறினால் மெல்ல ஏறும். இல்லாவிட்டால் கீழேயே கிடக்கும். அதே ஐ.ஜி.எஃப்-1 உடம்பையும் வளர்ப்பதால், குழந்தை எடை ஏறாமல் இருந்தால் கண்ணின் ரத்தக் குழாயும் வளராமல் நிற்கிறது என்று ஊகிக்கலாம். 2006ல் அவர்கள் வெளியிட்ட வின்ராப் என்ற முறையில் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 அளவு, எடை இரண்டையும் பார்த்தார்கள். பிறகு வாராவாரம் எடையை மட்டும் போட்டாலே கணினி எச்சரிக்கை தரும்படி அதைச் சுருக்கினார்கள். அப்படியானால் ஐ.ஜி.எஃப்-1ஐ மருந்தாகவே கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்து 2019ல் முடிவு வெளியானது. கண் நோய் குறையவில்லை. எடை நமக்கு நடப்பதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒரு மருந்தால் அதைத் திருப்ப முடியவில்லை.

இதை முதன்முதலில் எங்கள் குழந்தைகள் நல டாக்டர் சொல்லிக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் காலையில் நான் எழுதும் எண்ணில் இத்தனை இருக்கிறதா!

அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 மருத்துவமனைகளில் 7,483 குழந்தைகளின் விவரங்களை வைத்து 2018ல் ஜி-ராப் என்ற ஒரு விதி வந்தது. கணக்கு மிக எளிது. 28 வாரத்துக்குள் பிறந்ததா? பிறப்பு எடை 1,051 கிராமுக்குக் கீழா? பிறந்து 10 முதல் 19 நாளுக்குள் ஏறிய எடை 120 கிராமுக்குக் குறைவா? 20 முதல் 29 நாளுக்குள் 180 கிராமுக்குக் குறைவா? 30 முதல் 39 நாளுக்குள் 170 கிராமுக்குக் குறைவா? தலையில் நீர் கோத்திருக்கிறதா? ஒன்றுக்காவது ஆமாம் என்றால் கண்ணைப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வில், சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு நோய் வந்த குழந்தை ஒன்றைக்கூட இந்த விதி தவறவிடவில்லை. பரிசோதனைக்கு உட்படும் குழந்தைகளின் எண்ணிக்கையும் 30 சதவீதம் வாக்கில் குறையும் என்று கண்டார்கள்.

தலையில் நீர் கோப்பதை ஏன் சேர்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நீரும் எடைதான். தராசு ஏறும், குழந்தை வளர்ந்திருக்காது. உடம்பு வீங்கியிருக்கும் குழந்தைக்கும் அதே கதைதான். ஒரே ராத்திரியில் 60 கிராம் ஏறிவிட்டது என்று அம்மா சந்தோஷப்படும்போது நான் முதலில் பார்ப்பது பாதத்தைத்தான். விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுகிறதா என்று.

பத்து நாளில் 120 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 12 கிராம். ஒரு குழந்தையை எப்படி எடை போடுகிறோம் என்பதிலேயே அந்த 12 கிராம் காணாமல் போய்விடும். அதனால் எங்கள் வார்டில் தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்னால்தான் எடை. தராசில் முதலில் துணியை விரித்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாப்கினை எடுத்துவிட வேண்டும். ஊசி போட்ட கையை அசையாமல் கட்டியிருக்கும் அட்டைக்கும் பிளாஸ்திரிக்கும் எவ்வளவு எடை என்று தனியே பார்த்துக் கழிக்க வேண்டும். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும் சி-பாப் கருவியில் இருக்கும் குழந்தை என்றால் ஒருவர் குழாயைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் குழந்தையைக் கிடத்த வேண்டும். குழாய் தராசில் பட்டால் எண் குதிக்கும். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் நேற்றைய எண்ணைப் பார்த்து இன்றைக்கு உத்தேசமாக எழுதாதீங்க, அது அந்தப் பிள்ளையின் கண்.

சரி, இவ்வளவு நல்ல விதி இருக்கிறதே, அப்படியே நம் ஊரில் எடுத்துக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் எனக்குப் பயம். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஸ்வீடனில் அத்தனை நன்றாக வேலை செய்த வின்ராப்பை மெக்சிகோவில் சோதித்து 2012ல் முடிவு வெளியிட்டார்கள். 32 வாரத்துக்கு முன்னால் பிறந்தவர்களில், சிகிச்சை தேவைப்படும் நோய் வந்த குழந்தைகளில் 100க்கு 85 பேரை அது அடையாளம் காட்டியது. 32 வாரமும் அதற்கு மேலும் ஆகிப் பிறந்தவர்களில் 100க்கு வெறும் 5 பேரைத்தான் காட்டியது. மற்றவர்களை 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தக் குழந்தைகளின் கண் நன்றாக இல்லை.

காரணம், நோய் வரும் வழி ஊருக்கு ஊர் மாறுகிறது. பணக்கார நாடுகளில் ஆர்.ஓ.பி. என்றால் பெரும்பாலும் 700, 800 கிராம் குழந்தைகளின் நோய். அவ்வளவு சின்னதாகப் பிறந்ததுதான் அங்கே முதல் காரணம். இந்தியாவிலும் நம்மைப் போன்ற மற்ற நாடுகளிலும் 1,500, 1,800 கிராம் குழந்தைகளுக்கும் கடுமையாக வருகிறது. காற்றோடு கலக்காத சுத்த ஆக்சிஜன், ஏறி இறங்கும் ஆக்சிஜன் அளவு, ரத்தத்தில் தொற்று, ரத்தம் ஏற்றுவது, போதாத ஊட்டம் எல்லாம் சேர்ந்து நாமே உண்டாக்கும் ஆபத்து இங்கே அதிகம். அமெரிக்காவில் 1,500 கிராமும் அதற்குக் குறைவும், அல்லது 30 வாரமும் அதற்குக் குறைவும் என்றுதான் பரிசோதனை வரம்பு. நம் நாட்டு வழிகாட்டுதல் 2,000 கிராமுக்குக் கீழ் அல்லது 34 வாரத்துக்குக் கீழ் என்று அகலமாக இருப்பது இதனால்தான். 34 முதல் 36 வாரக் குழந்தையாக இருந்தாலும் உடம்பு மோசமாகிப் பிழைத்து வந்திருந்தால் பார்த்தே ஆக வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு குழந்தையைச் சொல்கிறேன். 33 வாரம், 1,740 கிராம். பிறந்த இடத்திலிருந்து ஆம்புலன்சில் வரும்போது மூக்கில் நேரடி ஆக்சிஜன். வந்த இரண்டாம் நாளே தொற்று. பால் செரிக்கவில்லை, வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. பிறந்த எடையைத் திரும்பத் தொடவே மூன்று வாரம் போல ஆனது. அமெரிக்க வரம்பை வைத்தால் இந்தக் குழந்தையைப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள். எடை எழுதிய தாளைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரிடம் சொன்னேன், முறை வரும் முன்னாலேயே கண் டாக்டரிடம் காட்ட ஏற்பாடு செய்தார்.

அந்தப் பரிசோதனை பார்க்கிறவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் முன்பே பாலை நிறுத்துவோம். கருவிழிப் பாவை விரிய இடைவெளி விட்டுச் சொட்டு மருந்து விட வேண்டும். கன்னத்தில் வழிவதை உடனே பஞ்சால் ஒற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் தோல் வழியாக உள்ளே போய் ரத்த அழுத்தம் ஏறும். துணியில் இறுக்கிச் சுற்றி, வாயில் இரண்டு சொட்டுத் தாய்ப்பால் அல்லது சர்க்கரைக் கரைசல். அப்புறம் இமையைப் பிரித்து வைக்கும் சின்னக் கம்பி. அதை வைத்ததும் குழந்தை வீறிடும். நான் தலையைப் பிடித்துக்கொண்டே மானிட்டரில் இதயத் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றைக்குக் கண் டாக்டர் அம்மா வலது கண்ணைப் பார்த்துவிட்டுப் பேசவே இல்லை. இடது கண்ணையும் பார்த்தார். "நாளைக்கே லேசர் பண்ணணும், ரெண்டு கண்ணுக்கும்" என்றார். கோயம்புத்தூருக்கு அனுப்பினோம். இப்போது அந்தப் பிள்ளை கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடியாடுகிறது. சிகிச்சை எடுத்த குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது சகஜம். கண்ணாடியோடு தீர்ந்ததே என்று அந்த அம்மாவும் நானும் பேசிக்கொள்வோம்.

ஆக்சிஜனைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. 1942ல் பாஸ்டனில் தியடோர் டெர்ரி என்ற கண் டாக்டர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் உலகம் முழுக்கச் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்தார்கள். அளவில்லாமல் கொடுத்த ஆக்சிஜன்தான் காரணமோ என்று 1951ல் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் எழுதினார். வாஷிங்டனில் ஆர்னல் பாட்ஸ் ஆக்சிஜனைக் குறைத்துக் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த வார்டு நர்ஸ்களில் சிலர், குறைவாகக் கொடுக்கச் சொன்ன குழந்தைகளுக்கு ராத்திரி ரகசியமாக ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்களாம். அவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நீலம் பாரிக்கும் குழந்தையின் பக்கத்தில் ராத்திரி முழுக்க நின்றவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியானதும் எல்லா இடத்திலும் அதைக் கடுமையாகக் குறைத்தார்கள். கண் தப்பியது, உயிர் போனது. 2010ல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றும் அதையே காட்டியது: ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவை 85 முதல் 89 சதவீதத்துக்குள் வைத்தால் கண் நோய் குறைகிறது, சாவு கூடுகிறது. அதனால்தான் எங்கள் மானிட்டரில் கீழே 90, மேலே 95 என்று இரண்டு பக்கமும் அலாரம் வைத்திருக்கிறோம். 100 காட்டினால் பெற்றோருக்கு நிம்மதி. நான் ஓடிப்போய், காற்றையும் ஆக்சிஜனையும் கலக்கும் பிளெண்டரைத் திருகிக் குறைப்பேன். "நூறு நல்லதுதானுங்களே?" என்பார்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு நூறு நல்லதில்லைங்க.

கணிப்பு எல்லாம் சரியாக இருந்தும் கை நழுவும் இடம் ஒன்று உண்டு: டிஸ்சார்ஜுக்குப் பின். முதல் பரிசோதனை பிறந்து நாலு வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் கீழ் என்றாலோ இரண்டு மூன்று வாரத்திலேயே. இதற்குள் பல குழந்தைகள் வீட்டுக்குப் போய்விடுகின்றன. முப்பது நாள் ஆகாமல் பச்சைக் குழந்தையை வெளியே எடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எவ்வளவு உறுதியான வழக்கம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு அம்முச்சி என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், கண்ணே இன்னும் முழுசாத் தொறக்கல, அதுக்குள்ள கண்ணு டெஸ்டுங்களா?" கோபமே இல்லாமல், உண்மையாகவே புரியாமல் கேட்ட கேள்வி. "வெளிய பாத்தா கண்ணு நல்லாத்தான் இருக்குமுங்க அம்முச்சி, நோவு உள்ளார பின்னாடி இருக்குமுங்க. நமக்குத் தெரியறப்ப நேரம் போயிருக்கும்" என்றேன். கறுப்பு விழியில் வெள்ளை தெரிந்த பிறகு தூக்கிக்கொண்டு வருவது ஐந்தாம் நிலையில்தான். சென்னையில் இப்படிக் கண் பரிசோதனை பற்றிச் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பெண் குழந்தையின் வழக்கில், ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி 2015ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் குழந்தை பிறந்தது 1996ல்.

எடைக் கணக்கைவிட எனக்கு நம்பிக்கை தருவது கேமரா. பெங்களூரில் 2008ல் தொடங்கிய கிட்ராப் திட்டத்திலும், கோவை அரவிந்த் கண் மருத்துவமனையின் ரோப்-எஸ்.ஓ.எஸ். திட்டத்திலும் பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். டாக்டர் வேறு ஊரில் இருந்தபடியே பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது அந்தப் படத்தில் ரத்தக் குழாய்களின் தடிப்பையும் முறுக்கையும் பார்த்துக் கணினியே 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுகிறது. அமெரிக்காவில் உருவான அந்த முறையை இந்தியா, நேபாளம், மங்கோலியா குழந்தைகளின் படங்களில் சோதித்து 2022ல் வெளியிட்டார்கள். கடுமையான நோயை நன்றாகவே பிடித்தது. வயிற்றில் இருந்த வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டி 32, 33 வாரம் ஆகும்போது எடுத்த ஒரே படத்தின் மதிப்பெண்ணையும், எத்தனை வாரத்தில் பிறந்தது என்பதையும் வைத்து, பின்னால் சிகிச்சை தேவைப்படுமா என்று கணிக்கலாம் என்றும் காட்டியிருக்கிறார்கள். இது கண்ணையே நேராகப் பார்க்கிறது. தராசு மாதிரி சுற்றி வளைத்துச் சொல்வதில்லை. ஆனால் கேமரா வராத வார்டுகள்தான் அதிகம், தராசு இல்லாத வார்டு கிடையாது. அதனால் இரண்டையும் விடக் கூடாது என்பதே என் கட்சி.

எடைக் கணிப்பை 'இந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டாம்' என்று சொல்லப் பயன்படுத்தக் கூடாது. நம் குழந்தைகளின் எண்களை வைத்து நமக்கான கிராம் கணக்கு வரும்வரை, 'இந்தக் குழந்தையை முதலில் பார்' என்று சொல்ல மட்டுமே அது பயன்பட வேண்டும். அப்படி ஒரு கணக்கு வர மூலப்பொருள் எங்கே இருக்கிறது? தமிழ்நாட்டின் ஒவ்வொரு எஸ்.என்.சி.யூ.விலும் நர்ஸ்கள் தினமும் எழுதிவைத்த எடைத் தாள்களில். அதோடு கண் பரிசோதனை முடிவைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் உட்கார வேண்டும். ஆய்வு செய்யும் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் என் வேண்டுகோள் இது.

எங்கள் வார்டில் இப்போதைக்குச் செய்வது இவ்வளவுதான். எடைத் தாளில் 10ம் நாள், 19ம் நாள், 29ம் நாள் மூன்றிலும் சிவப்புக் கோடு போட்டு, நடுவில் எத்தனை கிராம் ஏறியது என்று எழுதுகிறோம். குறைவாக ஏறிய குழந்தையின் பெயர் கண் டாக்டரின் பட்டியலில் மேலே போய்விடும். நன்றாக ஏறியவர்களும் பட்டியலில் இருப்பார்கள், யார் பெயரையும் அடித்துவிடுவதில்லை. டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைத் தேதியை அச்சு எழுத்தோடு விடாமல், அப்பா, அம்மா, பாட்டி மூன்று பேரின் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, முந்தின நாள் கூப்பிடுகிறோம். ஒரு தடவை பார்த்தாயிற்று என்று நின்றுவிடாதீர்கள் என்பதையும் அப்போதே சொல்கிறோம். ரத்தக் குழாய் ஓரம்வரை வளர்ந்துவிட்டது, இனி வர வேண்டாம் என்று கண் டாக்டர் கையெழுத்துப் போடும்வரை ஒவ்வொரு தேதிக்கும் வர வேண்டும்.